ஒரு மீட்டும் பல ஸ்வரங்களும்

அன்னவாசலுக்கு நான் போனது சங்கீதம் கேட்பதற்காக அல்ல. மனைவியின் பெரியப்பா வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம். காலையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு மாலையில் பஸ் ஏறிவிடுவதாகத்தான் உத்தேசம். ஆனால் அந்த வீட்டுக் கூடத்தில், பத்தாயத்துக்கும் தூணுக்கும் நடுவே, பழைய பட்டுத் துணியால் மூடி ஒரு வீணை இருந்தது. வீணை இருக்கிற வீட்டிலிருந்து அன்றைக்கே கிளம்பி வந்ததாக என் சரித்திரத்தில் இல்லை. இரண்டு நாள் தங்கினேன். அந்த இரண்டு நாளில் ஒரு வழக்குக்கு என்னை நீதிபதியாக்கிவிட்டார்கள். தீர்ப்பை அங்கே சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரியப்பாவுக்கு எண்பதுக்கு மேல் வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இளம் வயதில் திருக்கோகர்ணத்தில் ஒருவரிடம் வீணை கற்றுக்கொண்டிருக்கிறார். கச்சேரி செய்ததில்லை. வீட்டில், விடியற்காலையில், தனக்கே வாசித்துக்கொள்கிற ஜாதி. இப்போது விரல் மடங்குவதில்லை என்பதால் பேத்திக்குச் சொல்லிக் கொடுக்கிறார். பெண்ணுக்குப் பதினேழு வயது. நன்றாக வாசிக்கிறாள். அதுதான் வழக்குக்கே காரணம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளை வாசிக்கச் சொன்னோம். கல்யாணி. முதல் இரண்டு நிமிஷம் தாத்தா சொல்லிக் கொடுத்தபடியே போயிற்று. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் சுத்தமான மீட்டு, அளவான அசைவு. பிறகு அந்தப் பெண் ஏதோ தீர்மானம் செய்துகொண்டவள்போல உதட்டைக் கடித்துக்கொண்டாள். சாரணித் தந்தியை ஒரு தடவை மீட்டிவிட்டு, இடது கை விரல்களை ஒரே மெட்டில் வைத்தபடி, தந்தியை மெட்டின் குறுக்கே இழுத்தாள். காந்தாரத்திலிருந்து கிளம்பிய ஒலி மத்தியமத்தைத் தொட்டு, பஞ்சமத்தில் நின்று, வழுக்கிக்கொண்டு மறுபடி இறங்கிற்று. அத்தனைக்கும் ஒரே மீட்டு. குடத்திலிருந்து வந்த ஒலி வாத்தியத்தின் ஒலியாக இல்லை. யாரோ வாயை மூடிக்கொண்டு முனகினாற்போல இருந்தது.

"நிறுத்து!" என்றார் பெரியப்பா.

அவள் நிறுத்தினாள், தலையைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

"மாப்பிள்ளை, நீங்க கதை எழுதறவர். நாலு பேர் பேச்சைக் கேட்டு நியாயம் சொல்லத் தெரிஞ்சவர். இது வீணையா? மெட்டு எதுக்கு வச்சிருக்கான்? இருபத்து நாலு மெட்டு இருக்கு. ஒண்ணுலேயே உட்கார்ந்துகிட்டு மத்ததை எல்லாம் அழுத்தாமலே கூப்பிடறதுன்னா, மத்த மெட்டெல்லாம் எதுக்கு, அழகுக்கா?"

"பாலசந்தர் அப்படித்தான் வாசிப்பார், தாத்தா" என்றாள் பேத்தி.

"பாலசந்தர் வீணை வாசிக்கலை. வீணையைப் பாட வைக்கிறேன்னு அதன் கழுத்தைப் பிடிச்சார்."

இதைச் சொன்ன மனிதர் தமது அலமாரியில் பாலசந்தரின் ஒலிநாடாக்களை வரிசையாக, தூசி தட்டி, எழுத்து மங்கினவற்றுக்குப் புதுச் சீட்டு ஒட்டி வைத்திருந்தார் என்பதை மறுநாள்தான் கண்டேன்.

வீணை எஸ். பாலசந்தரை இன்றைய வாசகர்களில் பாதிப் பேர் சினிமாக்காரராக அறிந்திருப்பார்கள். பாதிப் பேர் வித்வானாக. இருவரும் ஒரே ஆள் என்று தெரிந்து திடுக்கிட்டவர்களையும் எனக்குத் தெரியும். 1927இல் மயிலாப்பூரில் பிறந்தவர். தகப்பனார் சுந்தரமய்யர் வக்கீல், தமையனார் எஸ். ராஜம் பாடகர், சித்திரக்காரர். 1934இல் வெளிவந்த 'சீதா கல்யாணம்' படத்தில் தகப்பனார் ஜனகர், ராஜம் ராமர், சகோதரி ஜயலக்ஷ்மி சீதை. குழந்தை பாலசந்தர் ராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் பிள்ளை. குடும்பமே ஒரு கதம்பக் கச்சேரிதான். கஞ்சிரா, தபலா, ஹார்மோனியம், ஸிதார் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்துவிட்டுக் கடைசியில் வீணைக்கு வந்தார். வீணையை அவருக்குச் சொல்லிக் கொடுத்த குரு என்று யாரும் இல்லை. தாமே கற்றுக்கொண்டார்.

இந்தக் கடைசி விஷயம்தான் பெரியப்பாவுக்கு உறுத்துகிறது. அவருடைய உறுத்தலுக்கு நியாயமே இல்லையென்று சொல்ல நான் தயாராக இல்லை. ஏனெனில் அவர் கற்றுக்கொண்ட ஊர் அப்படிப்பட்டது. காரைக்குடி வீணைச் சகோதரர்கள் என்று சொல்கிறோமே, அவர்களில் இளையவரான சாம்பசிவ அய்யர் 1888இல் பிறந்தது திருக்கோகர்ணத்தில். புதுக்கோட்டைச் சீமையில் தலைமுறை தலைமுறையாக வீணையைத் தவிர வேறொன்றை நினைக்காத குடும்பம். காரைக்குடி என்ற பெயர் பின்னால் சேர்ந்துகொண்டது. அந்தப் பாணியில் மீட்டுத்தான் உயிர். கீர்த்தனத்தில் சாஹித்ய எழுத்து எங்கே விழுகிறதோ அங்கே மீட்டு விழும். வார்த்தை தெரிந்தவன் வீணையைக் கேட்டாலே வார்த்தை காதில் விழும். தானத்தில் அந்த மீட்டு குதிரை நடையாக நடக்கும். சாம்பசிவ அய்யர் 1952இல் சங்கீத கலாநிதி ஆனார். கலாக்ஷேத்திரத்தில் பலருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு 1958இல் காலமானார். கேட்பவருக்காக ஒரு ஸ்வரத்தைக்கூட வளைக்காத கலைஞர் என்று அவரைப் பற்றி என் மனத்தில் ஒரு சித்திரம் உண்டு. பழைய பதிவுகளைக் கேட்கும்போது அந்தச் சித்திரம் கலைவதில்லை.

இப்படி ஒரு கட்டுப்பாட்டில் வளர்ந்த காதுக்கு, ஒரு மீட்டில் நாலு ஸ்வரம் என்பது அக்கிரமமாகத்தான் தோன்றும். மற்ற மூன்று ஸ்வரமும் மீட்டப்படாமல், கடன் வாங்கின ஒலியில் பிழைக்கின்றன அல்லவா? கணக்கு வாத்தியாருக்குக் கடன் பிடிக்காது.

மறுநாள் காலையில், "வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்று பெரியப்பாவே என்னைக் குடுமியான்மலைக்கு அழைத்துப் போனார். பேத்தியும் வந்தாள். அன்னவாசலிலிருந்து சித்தன்னவாசலுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். தாமரைக் குளத்தையும், அதில் பூப்பறிக்கிறவர்களையும், மீன்களையும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். குடுமியான்மலையில் பார்ப்பதற்குச் சித்திரம் இல்லை. சிகாநாதசுவாமி கோயிலுக்குப் பின்னால், குடைவரைக்குப் பக்கத்தில், பாறைச் சரிவில், முழுக்க முழுக்க ஸ்வரங்கள். ஏழு ராகங்களுக்கு உரிய ஸ்வரக் கோவைகளை, நந்நான்காகப் பிரித்து, பல்லவர் காலத்துக் கிரந்த எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு என்று கணக்கிடுகிறார்கள். ருத்ராசாரியரின் சிஷ்யனான, பரம சிவபக்தனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த அரசன் மகேந்திரவர்ம பல்லவன்தான் என்று சிலரும், இல்லையென்று சிலரும் வாதாடி வருகிறார்கள். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

என்னைக் கட்டிப் போட்டது வேறு. ஸ, ஸி, ஸு, ஸெ. ர, ரி, ரு, ரெ. ஒரே ஸ்வரத்துக்கு உயிரெழுத்தை மாற்றி மாற்றி நாலு வடிவம். அவை சுருதியின் நுட்பத்தைக் குறிக்கின்றனவா, விரலை வைக்கும் விதத்தைக் குறிக்கின்றனவா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. கடைசியில் தமிழில், இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்ற கருத்தில் ஒரு சின்னக் குறிப்பு. எட்டுத் தந்தியா, ஏழு தந்தியா, வேறு எதுவுமா? புதுக்கோட்டை வட்டாரத்திலேயே திருமயத்திலும் மலையக்கோயிலிலும் 'பரிவாதினி' என்று பாறையில் பொறித்திருக்கிறது. அது ஏழு தந்தி வீணையின் பெயர். ஆக, தந்தி வாத்தியத்துக்காக எழுதினதென்று வைத்துக்கொள்ளலாம். மாணவர்களின் நன்மைக்காக, அழியாத கல்லில், ஒன்றுவிடாமல் எழுதி வைத்த சங்கீதம். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் எழுத்து அழியவில்லை. ஆனால் அதை அன்று வாசித்த மாதிரி வாசிக்க இன்று பூமியில் ஓர் ஆள் இல்லை.

"பார்த்தீங்களா, எவ்வளவு ஒழுங்கு!" என்றார் பெரியப்பா. சம்பிரதாயத்தின் பழமையைக் காட்டுவதற்காகத்தான் என்னை அங்கே அழைத்து வந்திருந்தார்.

நான் அவரிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வியை இங்கே கேட்கிறேன். அந்த அரசன் இன்று எழுந்து வந்து சாம்பசிவ அய்யருடைய வீணையைக் கேட்டால், இது வீணைதான் என்று ஒப்புக்கொள்வானா? அவன் காலத்து வீணையில் இன்றைய மெட்டுகள் கிடையாது. நாம் தஞ்சாவூர் வீணை என்று பூஜையில் வைத்துக் கும்பிடுகிறோமே, மெழுகில் பதித்து நகராமல் இருபத்து நாலு மெட்டுக் கட்டிய வாத்தியம், அது பதினேழாம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் சபையில் உருவான புதுமை என்பார்கள். அதற்கு முன்னால் ராகத்துக்கு ராகம் மெட்டை நகர்த்துகிற வீணைகள் இருந்தன. எந்த ராகத்தையும் ஒரே வீணையில் வாசிக்கலாம் என்று முதல் முதலில் ஒருவன் சொன்னபோது, தஞ்சாவூரில் ஏதோ ஒரு கணக்கு வாத்தியார், "மெட்டை நகர்த்தாமல் ராகமா!" என்று கோபித்துக்கொண்டிருக்க மாட்டாரா? காரைக்குடிச் சகோதரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தவர் சுப்பராமய்யர் வீணையை மடியில் கிடத்தாமல் நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர். ஒருவர் நிமிர்த்தியும் ஒருவர் கிடத்தியும் இரண்டு வீணைகள் சேர்ந்து கச்சேரி செய்தது எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? அது நன்றாக இருந்தது. ஆகையால் சம்பிரதாயம் ஆயிற்று.

ஜப்பானில் மியாகி மிச்சியோ என்று ஒருவர் இருந்தார். 1894இல் பிறந்து, எட்டு வயதுக்குள் பார்வை இழந்தவர். கோட்டோ என்பது அவர்கள் வாத்தியம். பதின்மூன்று தந்தி, தரையில் நீளமாகக் கிடத்தி வாசிப்பது, நம் வீணையைப் போலவே குரு சிஷ்ய பரம்பரையில் வருவது. அதில் கீழ் ஸ்தாயி போதவில்லை என்று 1921இல் பதினேழு தந்தியில் பெரிய கோட்டோ ஒன்றைச் செய்வித்தார். 1929இல் கோட்டோவுக்கும் அவர்கள் நாட்டுப் புல்லாங்குழலுக்குமாக வசந்த காலக் கடலைப் பற்றி ஒரு சிருஷ்டி செய்தார். பிரெஞ்சுக்காரி ஒருத்தி குழலின் பாகத்தைப் பிடிலில் வாசித்து, அவரோடு சேர்ந்து இசைத்தட்டு வெளியிட்டாள். 1956இல் ரயிலிலிருந்து விழுந்து இறந்துபோனார் அந்தக் குருடர். இப்போது அந்த வசந்த காலக் கடல் இல்லாமல் ஜப்பானியருக்குப் புது வருஷம் பிறப்பதில்லை. அன்றைக்கு மேல்நாட்டு வாடை என்று முகம் சுளித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதைத்தான் பழைய ஜப்பான் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

ஆனால் மியாகியையும் பாலசந்தரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மியாகி வெளியிலிருந்து கொண்டுவந்தார். மேல்நாட்டுச் சங்கீதத்தின் அமைப்பு அவருக்குள் வேலை செய்தது. நம்மிடையே அந்தக் காரியத்தைச் செய்தவர் சிட்டிபாபு. குயில் கூவுவதை வீணையில் கூவினார். 1964இல் 'கலைக் கோவில்' படத்தில் அவருடைய வீணை சினிமாக் கொட்டகைகளில் ஒலித்தது. கர்நாடக சங்கீதம் என்றாலே எழுந்து போகிறவர்களை உட்கார வைத்தார். அது ஒரு தர்மம். பாலசந்தர் செய்தது அதுவல்ல. அவர் வீணைக்குள் வெளியிலிருந்து எதையும் சேர்க்கவில்லை. வீணை பாட்டின் நிழல் என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்த நிழலை உருவத்தோடு ஒட்டப் பார்த்தார். குரலில் ஒரு காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே படிக்கட்டு இல்லை, வழுக்குப் பாறைதான். மெட்டு வைத்த வாத்தியத்தில் படிக்கட்டு உண்டு. படிக்கட்டில் ஏறாமல் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அதற்கு அசாத்தியமான விரல் வலுவும், அதைவிட அசாத்தியமான காதும் வேண்டும். மெட்டை அழுத்தினால் ஸ்வரம் தானாக வந்துவிடும். இழுக்கும்போது அது எங்கே இருக்கிறதென்று வாசிக்கிறவனுக்குத் தெரிந்திருந்தால்தான் வரும். ஒரு மயிரிழை போதாவிட்டால் அபஸ்வரம். ஆகவே பெரியப்பா நினைப்பதுபோல அது சோம்பேறியின் கடன் அல்ல. சொத்தையே பணயம் வைக்கிற வியாபாரம்.

அவருடைய விளம்பகால ஆலாபனைகளைக் கேட்கிறபோது இன்னொன்றும் எனக்குப் புலப்படுகிறது. மீட்டின ஒலி தேய்ந்துகொண்டே போகிறது. அது தேய்ந்து சாவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். மேலே இழுக்க இழுக்க ஸ்வரம் உயர்கிறது, ஒலியோ தாழ்கிறது. உச்சியை எட்டும்போது அது கேட்கிறதா, கேட்டதாக நாமே நினைத்துக்கொள்கிறோமா என்று தெரியாத ஓர் எல்லை. நல்ல கதையின் கடைசி வாக்கியம் அந்த எல்லையில்தான் இருக்கிறது. எத்தனை கதை எழுதியும் எனக்கு அது இரண்டு தடவைக்கு மேல் வாய்த்ததில்லை.

குறை இல்லையா? உண்டு, சிறியதும் அல்ல. எதை நிறுத்துவது என்பது அவருக்குத் தெரியவில்லை. இதில் எனக்கு ஒரு புதிர் இருக்கிறது. 1954இல் 'அந்த நாள்' படத்தை எடுத்தவர் இவர்தான். தமிழ்ப் படமென்றால் பாட்டுப் புத்தகம் என்றிருந்த காலத்தில், ஒரு பாட்டுக்கூட, நடனங்கூட இல்லாமல், ஒரு கொலையை ஐந்தாறு பேர் வாயால் சொல்ல வைத்தார். அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' கொடுத்த உந்துதல் என்பார்கள். இருக்கட்டும், உந்துதல் எல்லோருக்கும் வருகிறது. சங்கீதத்திலேயே பிறந்து வளர்ந்தவன், தன் படத்துக்குப் பாட்டு வேண்டாமென்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அப்படி விடத் தெரிந்த மனிதர் வீணைமுன் உட்கார்ந்ததும் ஒன்றையும் விடமாட்டேன் என்கிறார். ஒரு பிடியைச் சொன்னால் அதன் அண்ணன், தம்பி, பங்காளி எல்லோரையும் கூப்பிட்டு அறிமுகப்படுத்துகிறார். பாருங்கள், இதையும் செய்ய முடியும், இதையும் செய்ய முடியும் என்கிற தொனி சில இடங்களில் சங்கீதத்துக்கு மேல் கேட்கிறது. எழுபத்திரண்டு மேளகர்த்தாவையும் இசைத்தட்டில் வாசித்துப் பதிந்து வைத்தார். வேறு யாரும் நினைத்துப் பார்க்காத உழைப்பு. ஆனால் அதில் சில விவாதி மேளங்களைக் கேட்கும்போது, ராகம் கேட்கிறோமா, அகராதி படிக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. குடுமியான்மலை அரசனுக்கு இருந்த அதே ஆசைதான்: ஒன்றுவிடாமல் எழுதி வைத்துவிட வேண்டும்.

காரைக்குடி மீட்டின் கம்பீரத்தை அவரிடம் நான் தேடிப் பார்த்ததுண்டு. கிடைக்கவில்லை. தானத்தில், மீட்டு மீட்டாக விழ வேண்டிய இடத்தில், இழுக்கிற கைக்கு நடக்கப் பொறுமை இல்லை. இது என் காதின் தீர்ப்பு. சங்கீத சாஸ்திரம் தெரிந்தவர்கள் வேறு சொல்லக்கூடும்.

அப்படியும் அவரைப் புரட்சிக்காரர் என்று எழுதிவிட்டு நகர முடியாது. 1980களில் புதிய ராகங்களைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்பட்டபோது, அப்படிச் சொல்வது தகாதென்று வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனார். சுவாதித் திருநாள் கீர்த்தனங்கள் உண்மையில் யார் செய்தவை என்று கேட்டு ஒரு பெரிய வழக்காடினார். கையில் அத்தனை புதுமை செய்தவர் பேச்சில் மகா வைதிகர். பத்மபூஷண் பட்டம் 1982இல் வந்தது. 1990 ஏப்ரலில், பிலாய்க்குப் போயிருந்த இடத்தில் காலமானார். ஜயந்தி குமரேஷ் போன்ற இரண்டொருவர் அவரிடம் கற்றிருக்கிறார்கள். ஆனால் காரைக்குடி என்பதுபோல வீட்டுக்கு வீடு சொல்லும் பாணியாக அது பரவவில்லை. குரு இல்லாமல் கற்றுக்கொண்டவர், சிஷ்யர்களும் தம்மைப்போலவே கற்றுக்கொள்வார்களென்று எண்ணினாரோ என்னவோ.

அந்த அன்னவாசல் பெண் அப்படித்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள், தாத்தாவின் ஒலிநாடாக்களிலிருந்து, அவர் தூங்கும் நேரத்தில். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவளே என்னிடம் சொன்னாள். "தாத்தாவுக்குத் தெரியும் மாமா. தூங்கறமாதிரி படுத்திருப்பார்."

அன்று சாயங்காலம் பெரியப்பா தீர்ப்பை எதிர்பார்த்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ரகுநாத நாயக்கரிலிருந்து ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "சரித்திரம் எனக்கும் தெரியும் மாப்பிள்ளை. முதல்லே மீட்டு நிக்கணும். மீட்டே நிக்காத கை இழுத்தா என்ன வரும்? பூனை கத்தும். சாம்பசிவ அய்யர் வழி வந்த மீட்டு இவ கையிலே விழுந்துடுத்துன்னா, அப்புறம் இழுக்கட்டும், கிழிக்கட்டும். அதுக்குள்ளே ஆசைப்படறா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இரண்டு நாளாகப் பாலசந்தருக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். அவர் பாலசந்தரை எதிர்க்கவே இல்லை. வரிசையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுக்கிறவருக்கு அது நியாயம். ஆனால் பாலசந்தர் அந்த வரிசையில் வரவில்லையே என்று நான் கேட்டேன்.

"அவர் பாலசந்தர்" என்றார். "இவ என் பேத்தி."

அவள் உள்ளேயிருந்து வந்து வீணையை எடுத்து வைத்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை; தானாகவே கல்யாணியை எடுத்தாள். இம்முறை மீட்டு, மீட்டாகவே விழுந்தது. கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு ஒரே ஓர் இடத்தில், காந்தாரத்தில் மீட்டிவிட்டு, தாத்தாவைப் பார்க்காமல், தந்தியை இழுத்தாள். மத்தியமம் வந்தது. பஞ்சமத்துக்குப் போகிற வழியில் விரல் தயங்கிற்று.

"இழுத்தாச்சுன்னா பாதியிலே விடாதே. போய்ச் சேரு" என்றார் பெரியப்பா.

போய்ச் சேர்ந்தாள். ஒலி அடங்கும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, இப்படியே இழுத்துக்கொண்டிருந்தால் மெழுகில் மெட்டு நிற்காது என்றும், மேளம் கட்டத் தஞ்சாவூரிலிருந்து ஆள் வரவழைக்க இப்போதெல்லாம் என்ன செலவு ஆகிறதென்று எனக்குத் தெரியுமா என்றும் கேட்டார்.